ஐப்பசி மழையில் காய்ந்த தலை

ஐப்பசி 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். கொடியில் போட்ட துணி மூன்றாம் நாளும் ஈரம். மல்லிகா ஜாக்கெட் ரெண்டு, கை வைத்தாயிற்று, ஹூக் பாக்கி. டீச்சரம்மா ஜாக்கெட், முதுகு இன்னும் இறக்கம் வேண்டுமாம். இந்தக் குளிருக்கு எதற்கோ. தைப்பது தான் என் வேலை, கேட்பது இல்லை. (கேட்டேன். சிரித்தார்.)

மகள் சங்கீதாவுக்கு முதல் ஷிப்ட். விடியும் முன்பே கம்பெனி பஸ். டப்பாவில் எலுமிச்சை சாதம்.

எங்க ஆள் சாப்பிட உட்கார்ந்தார். நான் நின்றபடியே குழம்பு ஊற்றினேன். மேலிருந்து தலையைப் பார்க்கிறேன். முடி ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊருக்குக் கிளம்பின மாதிரி நிற்கிறது.

"இன்னாயா இது, தலையில கோழி மேஞ்சிதா?"

"பைக்ல வரேன் இல்ல. காத்து."

"காத்துன்னா பின்னால போவும். உன்துது நாலு பக்கமும் நிக்குது."

"சோத்த போடுடி மொதல்ல."

தொட்டுப் பார்த்தேன். தேங்காய் நார். பாத்திரம் தேய்க்கலாம்.

இந்தத் தலை எனக்குத் தெரியாத தலையா? கல்யாணம் ஆன நாளிலிருந்து எண்ணெய் வழிகிற தலை. இந்தத் தலையில் அப்பளம் பொரிக்கலாம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். தலையணை உறை மாற்றி மாற்றி என் கை தேய்ந்தது. இப்போது யோசித்தால், உறை துவைத்து ரொம்ப நாள் ஆகிறது. எடுத்துப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. புருஷன் தலையணை சுத்தமாக இருக்கிறதே என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பொம்பளை இந்த உத்திரமேரூரில் நான் ஒருத்தியாகத் தான் இருப்பேன்.

சாயந்திரம் சங்கீதாவிடம் சொன்னேன். போனில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினாள். யாரோ ஒரு பெண், முடி இடுப்பு வரைக்கும். காய்ந்த முடியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்கிறது. நல்ல பெண், நிறுத்தி நிறுத்திப் பேசுகிறது. எழுதிக்கொண்டேன்:

தொட்டால் சொரசொரப்பு.
பளபளப்பு கிடையாது.
சிக்கு.
நுனி ரெண்டாகப் பிளக்கும்.
சீப்பு வைத்தால் பறக்கும்.
மண்டையில் வெள்ளைச் செதில், அரிப்பு.
ஒரு முடியைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். நல்ல முடி மிதக்கும்.

காரணமும் சொன்னது. வெயில். இங்கே பத்து நாளாக வெயிலே இல்லை. உப்புத் தண்ணீர். அதே தண்ணீரில் தான் நானும் குளிக்கிறேன், என் பின்னல் நன்றாகத் தான் இருக்கிறது. சாயம் அடிப்பது. அடித்திருந்தால் காதோரம் ஏன் இத்தனை நரை. உடம்புக் கோளாறு. இன்று ரெண்டு தரம் சோறு வாங்கினார். கடைசியாக, தினமும் தலைக்கு ஊற்றுவது, சோப்பு போடுவது.

எங்க ஆளா? தினமுமா? சனிக்கிழமைக்கே நான் துரத்த வேண்டும். தீபாவளி அன்று எண்ணெய் வைத்து ஊற்றிவிட்டது தான்.

அப்போ என்ன?

ஐப்பசி 11, செவ்வாய்

மழை இல்லை. மூட்டம்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எங்க ஆள் படுத்தார். இந்த நேரத்தில் வீட்டில் இருப்பதே புதுசு. லோடு இல்லையா என்றால், "சாயந்திரம் கீது" என்கிறார். காய்கறி லோடு சாயந்திரத்தில் எங்கே போகும்? முதலாளியின் ஷெட்டில் லோடு வண்டியை விட்டுவிட்டு பைக்கில் வருகிறவர், வண்டியை நான் பார்த்தே மாசக் கணக்கு.

குறட்டை ஆரம்பித்ததும் ஊசியில் நூல் கோர்க்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். நுனி பிளவு, இருக்கிறது. பாம்பு நாக்கு மாதிரி. செதில், இருக்கிறது. சீப்பை மெதுவாக வைத்தேன். முடி எழுந்து சீப்போடு வந்தது. ஒன்று பிடுங்கினேன்.

"இன்னாடி பண்ற? பேன் பாக்கறியா?"

"ஆமா. உனுக்கு மேல ஏறி நடக்குது, தெரியல?"

"நடந்துட்டு போவட்டும். வுடு."

திரும்பிப் படுத்துவிட்டார். சொரிந்துகொண்டே தூங்குகிறார்.

சொம்பு நிறையத் தண்ணீர் வைத்தேன். என் முடி ஒன்று, சங்கீதா சீப்பிலிருந்து ஒன்று, இவருடையது ஒன்று. என்னுடையது மிதந்தது. மகளுடையதும் மிதந்தது, சிரமப்பட்டு. இவருடையது கல் மாதிரி அடியில் போய்ப் படுத்தது. நான் கண்ணாடியைத் துடைக்க உள்ளே போய் வருவதற்குள் எழுந்து வந்து சொம்பை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டார்.

"தண்ணி இன்னா ஒரு மாதிரி கீது?"

"ஏன், இனிக்குதா? குடும்பமே உள்ள கீது."

புரியவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். நான் சிரித்துச் சிரித்து மிஷின் மேல் விழுந்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. எல்லா அடையாளமும் சரியாக இருக்கிறது. முடி காய்ந்து தான் இருக்கிறது. காரணம் தான் இல்லை. காரணம் இல்லாமல் ஒரு தலை காயுமா?

ஐப்பசி 12, புதன்

லேசான வெயில், அரை மணி. போர்வை காயப் போட்டேன்.

தரகர் போன். வாலாஜாபாத் இடம், ஞாயிறு பொண்ணு பார்க்க வருகிறார்களாம். ஜாதகம் பொருந்திவிட்டதாம். பையனுக்கு ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிற வேலை. அப்பா சாது. அம்மா கை தான் ஓங்கின கை. "ரொம்ப கேள்வி கேப்பாங்கம்மா, நல்லவங்க தான்" என்றார் தரகர். நல்லவங்க தான் என்று சேர்த்துச் சொன்னாலே எனக்கு இடிக்கும்.

சங்கீதா போட்டோவைப் பார்த்தாள். "கண்ணாடிய கழட்டினா எப்படி இருப்பாருன்னு தெரியலையே" என்றாள். அப்படிச் சொன்னால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். என் மகள்.

ரவை, சர்க்கரை வாங்க பாய் கடைக்குப் போனேன். எங்கள் தெரு மளிகை. பாய்க்கு என்னைக் கண்டால் குஷி. நானும் விடுவதில்லை.

"இன்னா பாய், தராசு ஒரு பக்கமே சாயுது, உங்க பக்கமா?"

"விஜயாம்மா வந்தாலே என் தராசுக்கு ஒதறல் தான். ஆமா, உங்க வூட்டுக்காரரு வாரத்துக்கு ரெண்டு துணி சோப்பு வாங்கினு போறாரே, பத்தலையா? பெரிய பாக்கெட்டா குடுத்துடட்டா?"

"துணி சோப்பா?"

"நீல கட்டி. நேத்து கூட வாங்கினாரு. நல்ல மனுசன்மா, பொண்டாட்டிக்கு சோப்பு வாங்கினு போறாரு பாரு."

"ஆமா பாய். என் மேல அவ்ளோ பாசம்" என்றேன். சிரித்தேன். வாங்கின ரவையைக் கடையிலேயே விட்டுவிட்டுப் பாதி தூரம் வந்து திரும்பப் போய் எடுத்தேன்.

எங்கள் வீட்டுக்குச் சோப்புத் தூள் நான் தான் வாங்குகிறேன். நீலக் கட்டி இந்த வீட்டுக்குள் வந்தது கிடையாது. அலமாரி, பரண், பைக் பெட்டி, எல்லாம் பார்த்தேன். பைக் பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் கவர், உள்ளே ஈரமான துண்டு, மாற்று லுங்கி ஒன்று. லுங்கியை நான் பார்த்ததே இல்லை. கட்டம் போட்டது. துவைத்து மடித்தது.

யார் மடித்தது?

ஐப்பசி 13, வியாழன்

நல்ல வெயில். ஒரு சொட்டு மழை இல்லை. இதை முதலில் எழுதிக்கொள்கிறேன்.

சாயந்திரம் எங்க ஆள் வந்தார். தலை ஈரம். சட்டைக் காலர் ஈரம்.

"இன்னாயா, நனைஞ்சி கீற?"

"மழையில மாட்டிக்கினேன்."

"எந்த ஊரு மழ?"

"தென்னேரி பக்கம். ஏரி கிட்ட ஒரு தூத்தல்."

"தலையில மட்டும் தூத்துச்சா? லுங்கி காஞ்சி கீதே."

"பேஜார் பண்ணாதடி. டீ போடு."

டீ போட்டேன். பக்கத்தில் வைக்கும்போது மோந்தேன். ஊதுவத்தி வாசனை. பன்னீர் வாசனை. வேர்வை வாசனை மட்டும் இல்லை. லோடு ஏற்றி இறக்குகிற ஆளுக்கு வேர்வை வாசனை இல்லை! சட்டையைக் கழற்றிப் போட்டதும் எடுத்தேன். பாக்கெட் மடிப்பில் ஒரு ரோஜா இதழ். வாடினது. என் கையில் ஒட்டிக்கொண்டது.

இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு முழம் கனகாம்பரம் வாங்கி வந்தால் அதையும் பாலித்தீன் கவரில் போட்டு, கத்திரிக்காய்க்கு அடியில் வைத்து நசுக்கி எடுத்து வருகிற ஆள். ரோஜா.

பக்கத்து வீட்டு மல்லிகா ஜாக்கெட் வாங்க வந்தாள். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். எல்லாம் சொன்னேன். கேட்டு முடித்து, கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, தப்பா நெனச்சிக்காத. எங்க சின்ன மாமனாரு இப்படி தான் குளிச்சிட்டு குளிச்சிட்டு வூட்டுக்கு வந்தாரு. அங்க ஒரு வூடு இருந்துது. வாசன தெரியக் கூடாதுன்னு அங்கியே தலைக்கு ஊத்தினு வருவாரு."

"எங்க ஆளுக்கா? அந்த மூஞ்சிக்கா?"

"மூஞ்சிய யாருக்கா பாக்கறாங்க."

ரெண்டு பேரும் சிரித்தோம். அவள் போனாள். நான் மிஷினில் உட்கார்ந்தேன். டீச்சரம்மா ஜாக்கெட்டில் வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்தேன். திரும்ப அதே தப்பு.

துணி சோப்பு ஏன் என்று இப்போது புரிகிறது. அங்கே துணி துவைக்கிறார்கள். யாரோ இவர் லுங்கியைத் துவைத்து மடித்து வைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என் மகளைப் பார்க்க வருகிறார்கள். அதற்குள்ளோ அதற்குப் பிறகோ இது வெளியே வந்தால் அவள் கதி என்ன?

கேட்டுவிடலாம். கேட்டால் பொய் சொல்வார். மழை என்பார்.

ஐப்பசி 14, வெள்ளி

மூட்டம். புழுக்கம்.

அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். மகள் காரியம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று சொல்லித் தான். உள்நோக்கம் வேறு. சாமி முன்னால் நிற்க வைத்து, கற்பூரத்தைக் காட்டி, ஒரே ஒரு கேள்வி.

வாசல் வரை வந்தார். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"நீ போய்ட்டு வா. நான் வண்டிய பாத்துக்கறேன்."

"உன் பைக்க எவன்யா தூக்கினு போவான்? தூக்கினு போனாலும் அவனே ரிப்பேர் பண்ணிக் குடுத்துட்டு தான் போவணும்."

"போடி, நான் வரல. இன்னிக்கி வேணாம்."

"ஏன் வேணாம்?"

 கோபுரத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வெள்ளிக்கிழமை தவறினால் பட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாக நிற்கிற மனுஷன். நான் மட்டும் உள்ளே போனேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று எழுத மாட்டேன். விபூதி கொண்டு வந்து பூசப் போனேன். ஒரு அடி பின்னால் போனார். தொடாதே என்கிற மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். நான் கேலி பேசவில்லை. சங்கீதா ரெண்டு பேரையும் பார்த்து, "இன்னா, வூட்டுல கரண்ட் போன மாதிரி கீது?" என்றாள்.

ஐப்பசி 15, சனி

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும். கை வலித்தாலும்.

காலையில் நல்லெண்ணெய் காய்ச்சினேன். மிளகு, சீரகம். சனிக்கிழமை எண்ணெய் குளியல், சாக்கு சொல்ல முடியாது. பலகை போட்டு உட்கார வைத்தேன். மனுஷன் உட்கார்ந்தார், கண்ணை மூடினார். உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு உச்சியில் வைக்கப் போகிறேன், போன் அடித்தது. வெளியே போய்ப் பேசினார். வந்தார்.

"வேணாம். ஒரு லோடு வந்துச்சி."

"எண்ணெ வெச்சிக்கினு போனா லோடு கோச்சிக்குமா?"

"எண்ணெத் தலையோட போவக் கூடாது. வுடுடி."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பைக்கை எடுத்துவிட்டார். என் கையில் எண்ணெய் அப்படியே. என் தலையிலேயே தேய்த்துக்கொண்டேன்.

சங்கீதாவுக்கு லீவு. ஸ்கூட்டியை எடு என்றேன்.

"ம்மா, நாம இன்னா போலீஸா?"

"ஓட்டு. வழியில சொல்றேன்."

பஸ் ஸ்டாண்டு தாண்டி, ஏரிப் பக்கம் திரும்பினார். நாங்கள் ஒரு நெல் லாரிக்குப் பின்னாலேயே போனோம். வழியில் அவளிடம் எல்லாம் சொன்னேன். தலை, சோப்பு, லுங்கி, ரோஜா.  அவள் ஸ்கூட்டியை வேகமாக விட்டாள்.

பந்தல், நாற்காலி வாடகைக்கு விடுகிற கடை ஒன்று. அங்கே பைக்கை நிறுத்தினார். பின்பக்கம் போனார். நான் மனசுக்குள் அந்தப் பொம்பளையைப் பார்த்துவிட்டேன். உயரம், நிறம், எல்லாம். கடைக்காரனின் தங்கை என்று வரைக்கும் முடிவு செய்துவிட்டேன்.

வெளியே ஒரு வண்டி வந்தது. வெள்ளை வேன். பக்கத்தில் கண்ணாடி. மேலே மாலை மாட்டுகிற கொக்கி, பழைய ரோஜா மாலை ஒன்று பாதி உதிர்ந்து தொங்குகிறது. சங்கீதா தான் முதலில் புரிந்துகொண்டாள்.

"ம்மா. அது சாவு வண்டி."

எனக்கு முதலில், நம் சொந்தத்தில் யார் போய்விட்டார்கள் என்று தான் தோன்றியது. அப்புறம் தான் பார்த்தேன், ஓட்டுகிற இடத்தில் எங்க ஆள்.

பின்னாலேயே போனோம். திரும்பிப் போகலாம் என்று இருவருமே சொல்லவில்லை. வயல் நடுவில் ஒரு சின்ன ஊர். ஒரு வீட்டு முன்னால் நாலைந்து நாற்காலி, எல்லாம் காலி. ஒரு கிழவர் போயிருக்கிறார். மகள் ஒருத்தி, முப்பது வயசு இருக்கும், தலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். சொந்தம் இன்னும் வரவில்லை போல. பக்கத்து வீட்டு ஆள் ஒருவர் மட்டும். எங்க ஆள் இறங்கினார். துண்டை இடுப்பில் கட்டினார். செத்தவரைப் பார்த்துக் கும்பிட்டார். தலைமாட்டுப் பக்கம் போய்க் குனிந்தார். அந்த ஆள் கால் பக்கம். இருவரால் தூக்க முடியவில்லை. ஒரு தரம் இறக்கி வைத்தார்கள். எங்க ஆள் கிழவரின் கையைச் சரியாக மடித்து வைத்து, திரும்பத் தூக்கினார்.

புளிய மரத்தடியில் நான். ஓடிப் போய் ஒரு பக்கம் பிடித்திருக்கலாம். கால் வரவில்லை. சாவு என்றால் எனக்குக் கால் வராது, எப்போதுமே.

சுடுகாட்டுக்கு நாங்கள் போகவில்லை. ரோட்டிலேயே நின்றோம். வேன் திரும்பி வந்து ஒரு பம்ப்செட் பக்கம் நின்றது. எங்க ஆள் சட்டையைக் கழற்றினார். தண்ணீரில் தலையைக் கொடுத்தார். கையில் நீலக் கட்டி. தலையில் வைத்துத் தேய்க்கிறார், தேய்க்கிறார், நான் சமுக்காளம் துவைக்கிற மாதிரி. அலசினார். கையை மோந்து பார்த்தார். திரும்பத் தேய்த்தார். அதற்கப்புறம் கழற்றின லுங்கியைக் கல்லில் அடித்துத் துவைத்து, பிழிந்து, தானே மடித்தார். கோணல் மாணலாக.

முடி காய்ந்த காரணம் தெரிந்தது. ஸ்கூட்டியில் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. சங்கீதா முதுகில் முகத்தை வைத்துக்கொண்டேன். 

சாயந்திரம் வந்தார். தலை ஈரம்.

"மழடி."

"ஆமா, பம்ப்செட்டுல இன்னிக்கி நல்ல மழ."

நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். செருப்பு காலிலேயே.

"எப்போ இருந்துயா?"

"ஆடி முடிஞ்ச கையோட. மொதலாளி லோடு வண்டிய வித்துட்டாரு. இந்த வேல தான் கெடச்சிது."

"சொன்னா இன்னா?"

"பறை சத்தம் கேட்டாலே டிவி சவுண்ட ஏத்தற பொம்பள நீ. எதுத்தாப்புல சாவு போனா கதவ சாத்தி, வெளக்கேத்தி, வாசல்ல தண்ணி தெளிக்கிற. நான் தெனம் அங்கிருந்து வரேன்னா உன் கையால சோறு போடுவியா?"

அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தேன். 

"துணி சோப்பு எதுக்குயா தலைக்கு?"

"வாசன சோப்பு போட்டுக்கினு வந்தா நீ இன்னா கேப்ப?"

"வாசன சோப்பு இல்லாம வந்தும் கேட்டேனே."

"கோயிலுக்குள்ள எப்படிடி வருவேன், நேத்து காலையில தான் ஒரு கொழந்தய..." முடிக்கவில்லை. அப்புறம் அவரே கேட்டார், "நீ இன்னான்னு நெனச்ச?"

"ரெண்டாவது வூடு."

சிரித்தார் பாருங்கள். இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, சங்கீதா தண்ணீர் கொடுத்து. "உன் ஒருத்திக்கே தலையில முடி நிக்கல" என்றார். நானும் சிரித்தேன். எனக்கு வந்த கண்ணீர் சிரிப்பில் வந்ததாகவே வைத்துக்கொள்ளலாம்.

நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். லோடு வண்டி என்றே சொல்லிவிடலாம் என்றேன். நான் தான் முதலில் சொன்னேன், அவர் இல்லை. அவர் தலையாட்டினார். சங்கீதா எழுந்து உள்ளே போனாள்.

ஐப்பசி 16, ஞாயிறு

கேசரி. வாழைக்காய் பஜ்ஜி. காபித் தூள் புதுசு. மழை இல்லை, நல்ல வேளை.

காலையில் எங்க ஆள் தலையில் அரைக் கிண்ணம் எண்ணெய் வைத்தேன். அத்தனையையும் முடி குடித்துவிட்டது. பத்து நிமிஷத்தில் திரும்ப எழுந்து நிற்கிறது. தண்ணீர் தொட்டு வாரினேன். நின்றது. துண்டு கட்டிப் படிய வைத்தேன். அவிழ்த்ததும் நின்றது. "இவன விட்டுத் தள்ளு, பொண்ணு தலைய தான் பாப்பாங்க" என்றார் எங்க ஆள். தலையையே இவன் அவன் என்று பேசுகிற ஆள்.

வந்தார்கள். பையன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபோது சங்கீதா பார்த்துவிட்டாள். நன்றாகத் தான் இருக்கிறான். அவனும் ஒரே பார்வை தான், ஆனால் பஜ்ஜியைச் சட்னியில் தோய்க்காமல் கேசரியில் தோய்த்தான். அப்பா வாய் திறக்கவில்லை. அந்தம்மா எல்லாவற்றையும் பார்த்தார். சுவர், மிஷின், ஃபேன், என் காது, சங்கீதா நடக்கிற நடை. கடைசியில் கண் எங்க ஆள் தலையில் போய் நின்றது. எனக்குத் தெரிந்த பார்வை. ஒரு வாரமாக நான் பார்த்த பார்வை.

"அண்ணன் தலைக்கு எண்ணெயே வெக்கிறது இல்லையா? முடி இப்படி காஞ்சி கீது."

"அது... வெயில்ல லோடு ஓட்டறது..."

"ஒரு நாள் அடிச்ச வெயிலுக்கா?"

எங்க ஆளுக்கு நெற்றி வேர்த்தது. என்னைப் பார்த்தார். என்னிடம் ஆயிரம் கேலி இருக்கிறது, ஒன்றை எடுத்துப் போட்டிருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள், பேச்சு போயிருக்கும். ஆனால் அந்தம்மா சிரித்துவிட்டு விடுகிற ஆள் இல்லை. அடுத்த கேள்வி வரும். கல்யாணம் ஆன பிறகும் வரும். சங்கீதா அந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் இந்தத் தலைக்குப் பதில் சொல்ல வேண்டும். இவர் மகளைப் பார்க்கப் போகும் போதெல்லாம் வேர்க்க வேண்டும்.

"அவரு லோடு ஓட்டலங்க" என்றேன். "சாவு வண்டி ஓட்டறாரு. தெனம் துணி சோப்பு போட்டு தலைக்கு ஊத்திக்கினு தான் வூட்டுக்குள்ள வராரு. அதான் முடி அப்படி கீது. ஒடம்புல ஒண்ணும் இல்ல, சாராயம் கெடையாது, வேற எந்த கெட்ட பழக்கமும் கெடையாது. நான் நல்லா விசாரிச்சிட்டேன்."

அந்தம்மா கையில் எடுத்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தார். எங்கள் வீட்டுத் தட்டு என்று அப்போது தான் ஞாபகம் வந்தது போல. பையனின் அப்பா முதல் முறையாக வாய் திறந்தார்: "ராத்திரியில கூப்டா கூட வருவீங்களா?" எங்க ஆள், "வருவேங்க" என்றார். அந்தம்மா தன் புருஷனை ஒரு முறை முறைத்தார். எழுந்தார்கள்.

"போன் பண்றோம்."

பூ வைக்கவில்லை. பையன் வாசலில் செருப்பு மாட்ட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான்.

போன பிறகு எங்க ஆள்: "ஏன்டி சொன்ன? நீ தான சொல்ல வேணாம்ன?"

"பொய் சொன்னா உன் மூஞ்சி வேர்க்குதுயா. பாக்க சகிக்கல."

சங்கீதா மீந்த பஜ்ஜி எல்லாம் சாப்பிட்டாள். "நல்லா தான் சொன்ன" என்றாள், தட்டைப் பார்த்துக்கொண்டே.

ஐப்பசி 17, திங்கள்

விடாத மழை. டீச்சரம்மா ஜாக்கெட் ஒரு வழியாக முடிந்தது. ஹூக் ஏழு வைக்கிற இடத்தில் எட்டு வைத்துவிட்டேன், சும்மா இருக்கட்டும்.

தரகர் போன். ஜாதகம் சரியாக வரவில்லையாம்.

"ஜாதகம் பாத்துட்டு தானம்மா வந்தாங்க" என்றாள் சங்கீதா. மத்தியான ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சிரித்தாள். அப்புறம் டிபன் டப்பா மூடி பொருந்தவில்லை என்று அதனிடம் ரொம்ப நேரம் சண்டை போட்டாள். நான் வாங்கி மூடிக் கொடுத்தேன். வாசலில் குடை விரித்துவிட்டுச் சொன்னாள்: "அடுத்து வர்றவங்க கிட்ட போன்லயே சொல்லிடு. பஜ்ஜி மிச்சம்."

எங்க ஆளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பின்பக்கம் போய்ப் பைக் செயினுக்கு ஆயில் விடுகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார். செயின் நேற்றே பளபளவென்று தான் இருந்தது. தலைக்குத் தான் பளபளப்பு இல்லை.

தலைக்குத் தேங்காய்ப் பால் நல்லது என்று அந்த வீடியோப் பெண் சொன்னது. துணி சோப்பு கூடாது, சீயக்காய் கொடுத்து அனுப்ப வேண்டும். வேனிலேயே ஒரு டப்பா. குளித்துவிட்டு வீட்டுக்கு வந்து எண்ணெய் வைத்துக்கொள்ளட்டும், அதில் என்ன.

இதை எழுதும்போதே அவர் போன் அடிக்கிறது. சார்ஜில் கிடந்தது. நான் எடுத்தேன். ஒரு பொம்பளைக் குரல். "வண்டி அண்ணாவா?" இல்லைம்மா, அவர் சம்சாரம், சொல்லு. சொல்ல முடியவில்லை அவளால். அழட்டும் என்று விட்டேன். போனை வைக்கவில்லை. டிவி போடவில்லை. அழுது முடித்ததும், "யாரும்மா?" என்று கேட்டேன். அவள் அம்மாவாம். சாப்பிட்டியா என்று கேட்டேன், ஏன் கேட்டேன் தெரியவில்லை. இல்லையாம். கூட யார் இருக்கிறார்கள் என்றேன்.

தென்னேரி. ஏரிக்கரை ஓரம் ரெண்டாவது தெரு. தண்ணி டாங்க் எதிரில், பச்சை கேட். மழையில் ஆம்பளைகள் யாரும் வந்து சேரவில்லையாம். தூக்க ஆள் இல்லை.

எங்க ஆளைக் கூப்பிட்டுவிட்டேன். நானும் போகிறேன்.